வாயில் வந்த நம்பர்

விக்கியின் கண்ணில் படக்கூடாது என்றுதான் சோனியா அவ்வளவு தூரம் வந்தாள். ஜீவனஹள்ளிப் பக்கம் ஆதார் மையமே இல்லாமலா போயிற்று? இரண்டு பஸ் மாறி மல்லேஸ்வரத்தில் வந்து வரிசையில் நின்றாள். கூடவே மெர்சி. புருஷன் விக்கியின் அடி பொறுக்காமல் வீட்டைவிட்டு ஓடிவந்த இந்தப் பத்து நாளும் அவளுக்குச் சோறும் பாயும் பிரேசர் டவுனில் மெர்சி வீட்டில்தான்.

அவள் கிளம்பிய அன்று அவளுடைய கார்டை விக்கி அடுப்பில் போட்டு எரித்தான். "நீ யாருன்னு இனிமே எவன்கிட்ட போயி சொல்லுவ?" என்று சிரிப்பு வேறு. மெர்சி அவளுக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெருக்கித் துடைக்கும் வேலை பிடித்திருந்தாள். கார்டு வரும்வரை, விண்ணப்பித்த ரசீதையாவது திங்கட்கிழமை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மறுபடியும் விக்கி.

அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்தான் இருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தது.

"இன்னாடி, மல்லேஸ்வரம் வந்துட்டா கண்டுபுடிக்க மாட்டனா?"

விக்கி தன் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். அவள் பெயர், இன்றைய தேதி, பதினோரு மணி, இந்த மையத்தின் விலாசம் எல்லாம் மெசேஜில் வரிசையாக இருந்தன. டோக்கன் போட்ட பிரவுசிங் சென்டரில் "நம்பர்?" என்று கேட்டபோது, ரேஷன், கேஸ், பேங்க் என்று பன்னிரண்டு வருஷமாக எல்லாப் பாரத்திலும் எழுதிய அதே பத்து எண்களைக் கடகடவென்று ஒப்பித்திருந்தாள். அது விக்கியின் நம்பர். பாவி, தானே கூப்பிட்டு வைத்திருக்கிறாள்!

அவன் விட்ட முதல் அறையில் உதடு கிழிந்தது. அடுத்ததில் இரும்பு நாற்காலியில் போய் மோதி விழுந்தாள். தடுக்க வந்த மெர்சியை அவன் சுவரோடு தள்ளினான். வரிசை மட்டும் கலையவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடுமே! "விடுப்பா, பொம்பளைய அடிக்காத" என்று நின்ற இடத்திலிருந்தே நியாயம் பேசினார்கள். ஒரு கண்ணாடிக்காரர் தன் பைலை மட்டும் பத்திரமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நல்ல மனுஷர்கள், நன்றாக இருக்கட்டும்.

"வெரல் வெச்சாதான கார்டு? வெய்யி பாக்கலாம்" என்று சொல்லி, தரையில் கிடந்த அவள் வலது கையின்மேல் விக்கி ஷூ காலால் ஏறி நின்றான். விரல்கள் நொறுங்கும் சத்தம் அவள் காதுக்கே கேட்டது. அவன் காலை எடுக்காமல் திருகினான்.

வலியைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இடது கை பக்கத்து மேஜையைத் துழாவியது. காகிதத்தில் ஓட்டை போடும் கனமான பஞ்சிங் மிஷின் அகப்பட்டது. அதை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். அவன் அலறிக்கொண்டு குனிந்தான். குனிந்த முகத்தில் இன்னொன்று போட்டாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. மூன்றாவதும் போட்டாள், அது வேண்டுமென்றே. பன்னிரண்டு வருஷத்துக்கு அது கம்மிதான்.

அவன் விழுந்த பிறகு வரிசைக்கு வீரம் வந்துவிட்டது. நாலைந்து பேர் பாய்ந்து அவனை அமுக்கிப் பிடித்தார்கள். யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள்.

கவுன்டரில் இருந்த ஷில்பா எழுந்து வந்து கன்னடத்தில் கெஞ்சினாள். "ஆஸ்பத்ரெகெ ஹோகி அம்மா. இது நாளெ மாடோணா."

"நாளைக்கு இல்ல மேடம். ஈகலே, இப்பவே," என்று சொல்லிவிட்டு சோனியா நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கை வீங்கி, விரல்கள் ஆளுக்கொரு பக்கமாக நின்றன. இடது கட்டைவிரலைப் புடவையில் துடைத்து மிஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

புது விலாசத்தை மெர்சி சொன்னாள். ஷில்பா தட்டச்சு செய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மொபைல் நம்பர் ஹேளி."

"தொண்ணூத்தி எட்டு, நாப்பத்தஞ்சு..."

கிழிந்த உதட்டிலிருந்து அது தானாக வந்தது. கேட்டுக்கொண்டிருந்த விக்கி தரையில் கிடந்தபடியே சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளை அந்த ஷூவைவிட அதிகமாக மிதித்தது.

"அழிங்க மேடம்," என்றாள் சோனியா. "மொத்தமும் அழிங்க."

மெர்சி ஒரு பழைய போனோடு வாங்கித் தந்த புது சிம்மின் அட்டை ஜாக்கெட்டுக்குள் இருந்தது. இடது கையால் அதை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளைப் போல ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். ரசீது வந்தது. அதில் ரத்தம் படாமல் மெர்சி வாங்கிக்கொண்டாள்.

எங்கோ ஒரு போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. சோனியா திடுக்கிட்டு விக்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க இன்னாடி பாக்குற?" என்று மெர்சி தன் பையைத் திறந்தாள். "மெசேஜ் உன்னுதுலதான் வந்துருக்கு."