மழைக்கொட்டு

தூறல் விழுந்ததும் கீழ்வரிசை மரத்தொட்டிகள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. டொக், டொக், டொம். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் முற்றத்தில், கலைத் திருவிழாவுக்காக இந்த மரக்கோபுரத்தை எழுப்பிக்கொண்டிருந்தோம். திருவிழா முடிந்ததும் பிரித்துவிடுவார்களாம். குடைந்த மரத்தில் மழைத்தண்ணீர் நிறையும். நிறைந்ததும் கவிழ்ந்து கீழேயுள்ள பலகையில் அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க ஊர்ப்பட்ட சனம் வருமாம். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும்போதும் இதே சத்தம்தான், ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை.

உச்சியில் இருப்பதுதான் பெரிய தொட்டி. ஆஞ்சிலி மரம், சின்னப் படகு அளவு இருக்கும். அதன் அச்சுக்கு இன்னும் பூட்டு மாட்டவில்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டாமல் தண்ணீர் நிறைந்தால், கவிழ்வதோடு நிற்காது, முழுசாகக் கீழே வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் பிச்சைமணி அப்போதுதான் உச்சியிலிருந்து இறங்கி வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி சேவியர் சேட்டன் கோபுரத்துக்கு நேர் அடியில் மல்லாந்து படுத்து போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேல நல்லாக் கட்டிட்டியாய்யா?"

"எதை?"

"பெரிய தொட்டியத்தான்."

"கட்டச் சொல்லவே இல்லையே புள்ள. கெட்டியோன்னு சேட்டன் கீழருந்து கேட்டாரு. தட்டிப் பாத்துட்டு, கெட்டின்னேன். நல்ல மரம்ல?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறேன். அந்த வீட்டம்மா தினமும் மகனிடம் 'பட்டியெ கெட்டியோ?' என்று கேட்பாள். மலையாளத்தில் நாயைக் கட்டிவிட்டாயா என்று அர்த்தம். அவனும் 'கெட்டி' என்பான், கட்டிவிட்டேன் என்று. இவர் இந்த ஊருக்கு வந்ததே போன மாசம்தான்.

"கட்டிட்டியான்னு கேட்டிருக்காருய்யா, பாவி மனுசா!"

அவர் முகம் செத்துப்போனது. கிடந்த கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏணியில் பாய்ந்தார். அதற்குள் மழை வலுத்துவிட்டது. "சேட்டா, வெளிய வாங்க!" என்று கத்தினேன். பலகைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. குனிந்து சேட்டனின் இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன்.

"எந்தா சேச்சி, ப்ராந்தாணோ?" பைத்தியமா என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"கெட்டியில்ல சேட்டா! மேல கெட்டியில்ல!"

அவர் அண்ணாந்து பார்த்தார். "என்டெ ஈசோயே!"

தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் அணைத்து, நெஞ்சைக் கொடுத்து முட்டிக்கொண்டு நின்றார். கயிறு கழுத்திலேயே கிடந்தது. கட்டுவதற்குக் கையை எடுத்தால் தொட்டி வந்துவிடும். வந்தால் அவர் நிற்கிற பலகையையும் உடைத்துக்கொண்டுதான் வரும்.

சேட்டன் செருப்பை உதறிவிட்டு ஏறினார். அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் கோபுரமே ஆடியது. நான் ஏணியின் அடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேலே சேட்டனின் கை நீண்டு, என் வீட்டுக்காரர் கழுத்தில் கயிற்றின் நுனியைத் தேடியது. தொட்டி விளிம்பைத் தாண்டிய தண்ணீர் இருவர் தலையிலும் வழிந்து என் முகத்தில் விழுந்தது.