தாயை விலக்கும் வைத்தியம்

எங்கள் ஷாய்கே ஆறு வயதில் சிகரெட் பிடித்தான். திருட்டுத்தனமாக அல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்து, மருந்துக் கடையில் வாங்கி, அவன் அப்பனே தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தான். ஊமத்தை இலையை அடைத்த ஆஸ்துமா சிகரெட். நாலு இழுப்பு இழுத்தால் நெஞ்சு கொஞ்சம் திறக்கும். கூடவே கண்ணெல்லாம் இருண்டு, சுவரில் குதிரை ஓடுகிறது என்று பிள்ளை உளறும். இன்றைக்குச் சொன்னால் கதை விடுகிறாள் கிழவி என்கிறார்கள். சொல்லட்டும், எனக்கென்ன.

நான் ரைசல். நியூயார்க்கின் ப்ரூக்ளினில் கீழ்வீட்டில் எனக்கு ஊறுகாய்க் கடை. மாடியில் தம்பி வெல்வெல், அவன் பெண்டாட்டி ஹிண்டா, அவர்களுடைய ஒரே பிள்ளை ஷாய்கே. அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால் அந்த விசில் சத்தம் என் பீப்பாய்கள் வரைக்கும் கேட்கும். நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. கண்ணாடிக் குவளைகளை நெருப்பில் காட்டி முதுகில் ஒட்டினோம். முதுகு முழுக்க ஊதா வட்டங்கள்தான் மிச்சம். கடுங்காப்பி கொடுத்தோம். வாத்துக் கொழுப்பை உருக்கி நெஞ்சில் தேய்த்தோம். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே ஹிண்டாவின் இறகுப் போர்வை.

நெஞ்சில் குளிர் ஏறினால் பிள்ளை பிழைக்காது என்பது எங்கள் யூத ஆட்களின் எலும்பில் ஊறிய பயம். அந்தப் போர்வை ஹிண்டாவோடு போலந்திலிருந்து சீதனமாகக் கப்பலேறி வந்தது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வாத்திறகை ஒவ்வொன்றாகக் கிழித்து அவளும் அவள் அக்கா தங்கைகளும் அடைத்தது. அப்புறம் யுத்தம் வந்தது. ஊரும் போயிற்று, அக்கா தங்கைகளும் போனார்கள். அவள் வீட்டுக் கை பட்ட பொருள் என்று உலகத்தில் அது ஒன்றுதான் மிஞ்சியது. அதைத்தான் தினமும் பிள்ளையின் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திவிடுவாள்.

ஷாய்கேவுக்கு எட்டு வயதானபோது ஒரு புது டாக்டரிடம் போனோம். நானும் ஹிண்டாவும்தான். இளம் வயது, இனிக்க இனிக்கப் பேச்சு.

“அம்மா, மூச்சுத்திணறல்ங்கிறது அடக்கி வச்ச அழுகை. உங்க பையன் உங்ககிட்ட அழப் பயந்து உள்ளயே வச்சிருக்கான். நீங்க அவன ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க” என்றார்.

“நான் அவன அடிச்சதுகூட இல்லியே டாக்டர்” என்றாள் ஹிண்டா.

“அதான் சொல்றேன். உங்க பாசந்தான் அவன் கழுத்த நெரிக்குது. உங்ககிட்டேருந்து பிரிச்சு வச்சா தன்னால சரியாயிடும்.”

“என்ன டாக்டர், சொத்தப் பல்லப் புடுங்குற மாதிரி பெத்தவளப் புடுங்கச் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. “கிட்டத்தட்ட அதேதான்” என்று சிரித்தார்.

கொலராடோ மலைப்பக்கம் ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கென்று ஒரு இல்லம் இருந்தது. இரண்டு வருஷம் அங்கே விட வேண்டும். அப்பா அம்மா எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அதுதான் வைத்தியமே. ரயிலடியில் ஷாய்கே ஹிண்டாவின் கோட்டைப் பிடித்த பிடியை விரல் விரலாகப் பிரித்தது நான்தான். அவள் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, தகவல் வந்தது. பையனுக்குத் திணறலே இல்லை, பந்து விளையாடுகிறான், மலை ஏறுகிறான். வெல்வெல் கையைத் தட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் ஆடினான். ஹிண்டா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“புள்ள நல்லாயிருக்கான் அண்ணி” என்றாள் என்னிடம். “நான் இல்லாததால நல்லாயிருக்கான்.”

இப்படி ஒரு நல்ல செய்தி எந்தத் தாய்க்கும் வர வேண்டாம். அதற்குப் பிறகு அவள் யார் வீட்டுக் குழந்தையையும் தூக்கவில்லை. தெருப் பெண்களுக்கும் எப்படியோ விஷயம் கசிந்துவிட்டது. பேலா என்று ஒருத்தி, ஹிண்டா என் கடைக்குள் நுழைந்ததும் தன் குழந்தையின் வண்டியைத் தள்ளி நகர்த்தினாள்.

“என்னடி நகர்த்துற?” என்றேன்.

“இல்லக்கா, சின்னப் புள்ள… எதுக்கு வம்பு?”

“இன்னும் ஒரு வார்த்த பேசினே, ஊறுகாய் உப்புத்தண்ணி தலையில இறங்கும். போடி வெளிய!”

பேலா போய்விட்டாள். ஆனால் ஹிண்டா, “அவ சொல்றதும் சரிதான அண்ணி” என்றாள். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை அடிப்பது என்றே தெரியவில்லை.

இரண்டு வருஷம் முடிந்து ஷாய்கே திரும்பி வரும் வெள்ளிக்கிழமை. காலையிலேயே ஹிண்டா துணி மூட்டையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அவன் மேல இருக்கட்டும். நான் இங்க உங்ககூட இருந்துக்கறேன்.”

“எத்தன நாளைக்கு?”

“அவன் வளந்து பெரியாளாகற வரைக்கும்.”

“பைத்தியமா உனக்கு?”

“அங்க நல்லாயிருந்த புள்ள இங்க வந்து செத்தா யார் அண்ணி பதில் சொல்றது?” என்றாள். முந்தின நாளே வீட்டைத் துடைத்து, சமைத்து வைத்து, இறகுப் போர்வையை மொட்டை மாடியில் வெயில் காட்டித் தட்டி அவன் கட்டிலில் விரித்துவிட்டு வந்திருந்தாள். “நான்தான் பக்கத்துல இருக்க முடியாது. அந்தப் போர்வையாவது அவன் மேல கெடக்கட்டும்.”

மதியம் ரயிலிலிருந்து பையனை வெல்வெல் கூட்டி வந்தான். நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம். மாடிப்படி ஏறும்போதே, “அம்மா எங்க?” என்று கேட்டான். “வெளிய போயிருக்கா. பொழுது சாஞ்சு ஓய்வுநாள் மெழுகுவத்தி ஏத்தற நேரத்துக்கு வந்துருவா, நீ படு” என்று வெல்வெல் சமாளித்தது எங்களுக்குக் கேட்டது. ஹிண்டா என் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அவன் காலடிச் சத்தம். கட்டில் கிறீச்சிட்டது. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது. எனக்குக் கேட்கும் முன்பே அவளுக்குக் கேட்டுவிட்டது. விசில்.

“அக்கா! ஓடி வா!” என்று வெல்வெல் அலறினான். ஓடினேன். பிள்ளை உட்கார்ந்த நிலையில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், உதடு நீலம். வெல்வெல் இறகுப் போர்வையை அவன் காது வரைக்கும் இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் படியில் ஹிண்டா.

“அவ எதுக்கு மேல வந்தா? போகச் சொல்லுக்கா! அவ காத்து பட்டாலே ஆகாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல!” என்று வெல்வெல் கத்தினான்.

ஹிண்டா திரும்பி ஓடினாள். பிள்ளை செத்துக்கொண்டிருக்கும்போது அதைக் காப்பாற்றுவதற்காகப் பெற்ற தாய் ஓடினதை என் கண்ணால் பார்த்தேன்.

ஷாய்கேவும் பார்த்துவிட்டான். போர்வையை உதறித் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு தடுமாறித் தடுமாறிப் படியிறங்கி அவள் பின்னாலேயே போனான். நாங்கள் தெருவாசலுக்கு வந்தபோது ஹிண்டா சுவரோடு சுவராக ஒட்டி, போலீஸைக் கண்டவள் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“கிட்ட வராதடா கண்ணு! அம்மாவத் தொடாத, போ, போயிடு!”

அவன் கேட்கவில்லை. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சரிந்தான், அவளும் சரிந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவன் அவள் மடியில் கிடந்தான். நாங்கள் அவன் சாவதற்காகக் காத்திருந்தோம். வேறெப்படிச் சொல்ல? அதைத்தான் எதிர்பார்த்தோம்.

அவன் சாகவில்லை. விசில் மெல்ல மெல்லக் குறைந்தது. உதட்டில் ரத்தம் ஏறியது. கடைசியில், “ஏம்மா என்னப் பாத்து ஓடுற?” என்று கேட்டான். ஹிண்டாவின் கைகள் இன்னமும் காற்றில்தான் இருந்தன.

வெல்வெல் அழுதுகொண்டே மேலே ஓடி இறகுப் போர்வையை எடுத்து வந்தான். “குளிருதுடா, நெஞ்ச மூடு” என்று தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் போர்த்தினான். கொஞ்ச நேரம்தான். மறுபடியும் அந்த விசில். நான் என்ன நினைத்தேனோ, போர்வையை வெடுக்கென்று பிடுங்கித் தெருவில் போட்டேன். தையல் விட்ட மூலையிலிருந்து தூசியும் பொடி இறகும் பறந்தன.

“எதுக்குக்கா எடுத்த?” என்றான் வெல்வெல்.

“அங்க இது கெடையாது அத்த” என்று ஷாய்கே திணறித் திணறிச் சொன்னான். “எல்லாருக்கும் பருத்திப் போர்வ. தலகாணிகூட ரப்பர். தொவைக்க சுலபம்னு…”

தெருவில் கிடந்த அந்த வெள்ளைப் பொதியையே பார்த்தோம். ஹிண்டாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். “இதுவா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அந்த டாக்டர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார்.

“நான் சொன்னதுதானே? அம்மா இல்லேன்னதும் பையனுக்குக் கோபம், அதனால திணறல். அம்மா மடி கெடச்சதும் கோபம் போச்சு. எல்லாம் அம்மாவச் சுத்தித்தான்.”

“அவ இருந்தாலும் குத்தம், போனாலும் குத்தம். அப்ப அவ எங்கதான்யா நிக்கணும்?”

“நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க” என்றார்.

போர்வையை ஹிண்டாவே கட்டி, குப்பை வண்டிக்காரனிடம் கொடுத்தாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தாள். நாலைந்து வருஷம் கழித்து வேறொரு டாக்டர், ஷாய்கேவுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, அவன் கையில் ஊசியால் கீறி ஒவ்வொரு பொருளின் சாற்றையும் தடவிப் பரிசோதித்தார். வாத்திறகுக்குக் கீறிய இடம் மட்டும் குளவி கொட்டினதுபோல வீங்கியது. ஹிண்டா அதைத் தன் கண்ணால் பார்த்தாள், தொட்டும் பார்த்தாள்.

ஷாய்கேவுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் தாயைப் பார்க்க வருகிறான், குனிந்து கன்னத்தைக் காட்டுகிறான். ஹிண்டா அவனுக்கு முத்தம் கொடுக்கும் முன் இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.