கலையாத கமிட்டி

தான்சானியாவில், எங்கள் அருஷா நகரத்தில், ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய காரியம் தும்மல் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் கமிட்டி உண்டு. கல்யாணத்துக்குக் கமிட்டி, ஞானஸ்நானத்துக்குக் கமிட்டி, சாவுக்கும் கமிட்டி. கல்யாணம் முடிந்த பிறகு அந்தக் கமிட்டியைக் கலைப்பதற்கென்றே தனியாக ஒரு விருந்து வைத்து, ஆட்டைச் சுட்டுத் தின்று, ஆடிக் களைத்துத்தான் வீட்டுக்குப் போவோம். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என் மகள் அனெத்தின் கல்யாணத்தை அந்தக் கமிட்டிதான் தூக்கி நிறுத்தியது. ஆனால் அதைக் கலைக்கும் விருந்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

என் பெயர் ஐகாண்டே. சுற்றுலா ஆபீஸில் பயணத் திட்டம் போடுவது என் வேலை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து யாரோ எழுதுவார்கள்: ஒரு வாரம் இருக்கிறது, காடும் வேண்டும், கடலும் வேண்டும். அந்த ஒரு வாரத்தை நான் வெட்டித் தைத்துக் கொடுப்பேன். முதலில் தராங்கிரே காட்டில் யானைகள். அப்புறம் மிருகங்கள் மேயும் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம். அடுத்து செரெங்கெட்டியின் தெற்குப் புல்வெளி. பிப்ரவரி என்றால் அங்கே நியும்புகள் கன்று போடும் காலம். மாட்டுத் தலையும் குதிரை வாலுமாக, பார்வைக்கு அவலட்சணமான பிராணி. அங்கிருந்து சின்ன விமானத்தில் சான்சிபார் தீவின் கடற்கரை. 'சூரியன் இறங்கும்போது உங்கள் பேச்சு தானாக நின்றுவிடும்' என்று எழுதுவேன். படித்தவர்கள் எல்லாம் பணத்தைக் கட்டிவிட்டு வருவார்கள்.

நான் இதில் எதையும் பார்த்ததில்லை. தராங்கிரே எங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடக்கூடிய தூரம். அதைக்கூடப் பார்த்ததில்லை. ஆபீஸிலேயே முறை வைத்து ஆட்களை அனுப்பிப் பார்த்துவரச் சொல்வதுண்டு. என் முறை வரும்போதெல்லாம் யாருக்காவது கல்யாணம் வந்தது, இல்லையென்றால் சாவு வந்தது. எந்தக் கமிட்டியானாலும் சமையல் பொறுப்பு என் தலையில்தான். என் பிலாவு சோறு அவ்வளவு பிரசித்தம். அது எனக்கு வாய்த்த சாபம்.

என் கணவருக்கு அந்தக் குறை இல்லை. வாழ்நாள் முழுவதும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் வண்டி ஓட்டியவர். புழுதியோடு வீடு வருவார், சாப்பிடுவார், படுப்பார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "மிருகந்தான். வேற என்ன?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் சட்டையை அலசிய தண்ணீரில் செரெங்கெட்டி மண்ணைப் பார்த்திருக்கிறேன். என் பங்குக்குக் கிடைத்த காடு அதுதான்.

ஆகவே அனெத்தின் கல்யாணம் முடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். உலகத்துக்கெல்லாம் தைத்துக் கொடுத்த சட்டையை எனக்கும் ஒன்று தைத்துக்கொள்வது என்று. பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு, அறை, வண்டி எல்லாம் சொல்லி வைத்தாயிற்று. விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த நாத்தனார் மன்காவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"பிப்ரவரில ஒரு வாரம் நான் ஊர்ல இருக்க மாட்டேன்டி. காட்டைப் பாத்துட்டு அப்படியே கடலுக்கும் போறேன்."

மன்காவிடம் ரகசியம் சொல்வதும் சர்ச் மணியை அடிப்பதும் ஒன்று.

"அண்ணே! அண்ணி சஃபாரி போறாங்களாம்!"

என் கொழுந்தன் காட்லிசன் எழுந்தான். எல்லாக் கமிட்டிக்கும் அவன்தான் தலைவன். பெயரிலேயே கடவுளைப் பார்த்து 'கேள்' என்று சொல்கிறவன், மனிதர்கள் சொல்வதை எங்கே கேட்கப் போகிறான்? பீர் பாட்டிலைக் கரண்டியால் தட்டினான்.

"யாரும் எந்திரிக்காதீங்க! கமிட்டி கலையல! நம்ம அண்ணி சஃபாரிய நாமளே நடத்திக் குடுக்கிறோம்!"

ஒரே கைதட்டல். கலைய மனமில்லாமல் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் "ஐயோ, வேணாம் தம்பி" என்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை கைதட்டினார்கள். விடிவதற்குள் வாட்சப் குழு வந்துவிட்டது. பெயர், 'ஐகாண்டே சஃபாரி'. படம், காட்லிசனுடையது.

சனிக்கிழமைதோறும், விருந்து நடந்த அதே தோட்டத்து பாரில் கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்தில் பெரிய பஸ் முடிவாயிற்று. இரண்டாவதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி துணி எடுத்துத் தைப்பது, வீடியோக்காரரைக் கூட்டிப்போவது, இங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் தலைவர் உரையாற்றுவது, அதற்கு ஒலிபெருக்கி.

"ஒலிபெருக்கி வச்சா மிருகமெல்லாம் ஓடிப்போயிடாதா?" என்று கேட்டேன்.

"ஓடட்டும் அண்ணி. நாம என்ன மிருகம் பாக்கவா போறோம்? குடும்பமா இருக்கப் போறோம்!"

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று ஆளாளுக்கு அள்ளி ஊற்றினார்கள். அப்புறம் குறைக்கத் தொடங்கினார்கள். பள்ளம் குளிருமாம், வயதானவர்களுக்கு ஆகாதாம், அதை வெட்டு. புல்வெளிக்குப் போகிற வழியெல்லாம் குண்டும் குழியுமாம், பஸ் தாங்காதாம், அதையும் வெட்டு. கடல் என்ற இடத்தில் தாங்கா ஊரில் இருக்கும் காட்லிசனின் சம்பந்தி வீடு வந்து உட்கார்ந்தது. அந்த வீட்டு மாடியில் ஏறினால் கடல் தெரியுமாம். மிச்சமிருந்த தராங்கிரேக்கும் மன்கா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"யானைய எதுக்குக் காசு குடுத்துப் பாக்கணும்? நம்ம பெரியப்பா சோளக்கொல்லைக்கு அதுவே வருதே!"

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, கடைசியில் என் ஒரு வாரம் இப்படி நின்றது: எல்லோரும் பஸ்ஸில் மலையடிவாரத்து சொந்த ஊருக்குப் போவது, ஒரு நன்றி ஜெபம், வாழைக்காய்க் குழம்பு, ஆடு. வருஷா வருஷம் டிசம்பரில் போகும் அதே ஊர், அதே ஆடு. நான் ஒவ்வொரு வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கமிட்டியை எதிர்த்தால் எங்கள் ஊரில் அதற்குப் பேர் திமிர்.

கடைசிக் கூட்டத்தின் முடிவில் காட்லிசன் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்தான். பஸ் ஒருவருக்கு, துணி மன்காவுக்கு, ஜெபம் போதகருக்கு.

"சமையல், வழக்கம்போல, நம்ம அண்ணி!"

கைதட்டினார்கள். என் கணவரும் தட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"காட்லிசன், இது யாரோட சஃபாரி?"

"உங்களோடதுதான் அண்ணி!"

"அப்ப நான் சொல்றதக் கேளு. நான் போறேன். தராங்கிரே போறேன், பள்ளத்துல இறங்குறேன், புல்வெளிக்குப் போறேன், கடலுக்குப் போறேன். பஸ்ஸு வேணாம், துணி வேணாம், உன் உரையும் வேணாம். நீங்க ஊருக்குப் போங்க. நல்லா ஜெபம் பண்ணுங்க. சோத்தை யாராச்சும் ஆக்குங்க."

சுட்டுக்கொண்டிருந்த இறைச்சியின் கொழுப்பு கரியில் சொட்டுவது கேட்டது. காட்லிசன் மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"ஜனத்தை வேணாங்கிறீங்க. சரி. நாளைக்கு உங்க சாவுக்கு யாரு அண்ணி வருவா?"

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. இதற்குப் பயந்துதான் பெரிய ஆபீஸரும் பக்கத்து வீட்டுத் துக்கத்தில் நாற்காலி தூக்குகிறார். எனக்கும் அந்தப் பயம் உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் கோபம் அதைவிட மேலே நின்றது.

"வராதீங்க! செத்தப்புறம் என்னைத் தூக்க ஆள் வேணுமேன்னு உசுரோட இருக்கிற காலம் பூரா உங்க அண்டாவைத் தூக்கிட்டேன். போதும். என் பொணத்தைக் கழுதைப்புலி தின்னா தின்னட்டும். அதையாவது ஒருதரம் பாத்துட்டுச் சாவறேன்!"

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கே வாட்சப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். என் பெயரில் இருந்த குழுவிலிருந்து என்னையே!

மறுநாள் என் கணவர் சமாதானம் பேச வந்தார். அவர் கெட்டவர் இல்லை. தானும் படுக்க மாட்டார், தள்ளியும் படுக்க மாட்டார், அவ்வளவுதான்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புன்னு சொல்லிடு. நானே உன்னை தராங்கிரேக்கு ஓட்டிட்டுப் போறேன். காலைல போயி சாயந்தரம் வந்துடலாம்."

"எத்தனை வருஷமா கேட்டேன் அனெத் அப்பா? அப்ப ஓட்டல."

"இப்ப ஓட்டுறேங்கிறேன்ல?"

"நீங்க ஓட்டுனா அது உங்க காடு. இங்க நிறுத்து, அங்க பாரு, போதும் கெளம்புன்னு நீங்கதான் சொல்வீங்க. எனக்கு எங்க நிக்கணுமோ அங்க நான் நிக்கணும்."

நான் கிளம்பிய காலையில் அவர் வாசல் வரை வந்து, வண்டியின் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி ஓட்டியவள் சலோமே. எங்கள் ஆபீஸில் வேலை செய்யும் பெண், பேச்சு குறைவு. "நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்கா" என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டாள். தராங்கிரேயில் ஒரு யானைக் கூட்டம் ஆற்றில் இறங்கி, குடித்து, குளித்து, கரையேறிப் போகும்வரை உட்கார்ந்திருந்தோம். பள்ளத்தில் குளிரத்தான் செய்தது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன், தீர்ந்தது.

செரெங்கெட்டிப் புல்வெளியில் நியும்பு ஒன்று என் கண் முன்னால் கன்று போட்டது. கன்று எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது, பிறகு தாயின் பின்னால் ஓடியே போய்விட்டது. 'பிறந்த சில நிமிடங்களில் ஓடும்' என்று எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியவள் நான். அப்போதுதான் அழுதேன். சந்தோஷத்தில் என்று சலோமே நினைத்திருப்பாள். எனக்கு வந்தது ஆத்திரம். இது இவ்வளவு பக்கத்திலேயே இருந்திருக்கிறது. வருஷா வருஷம், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அதே பிப்ரவரியில், இங்கே இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை, புல்வெளி நடுவே இருக்கும் மண் ஓடுபாதையில் சான்சிபார் விமானத்துக்காக நின்றபோது போன் அடித்தது. காட்லிசன்.

"அண்ணி, ஒரு துக்கம். நம்ம தாங்கா சம்பந்தியோட அண்ணன் தவறிட்டாரு."

நான் அந்த மனிதரைப் பார்த்ததில்லை. பெயர்கூடத் தெரியாது. "கடவுள் அவருக்கு அமைதி கொடுக்கட்டும்" என்றேன், மனதாரத்தான்.

"நாளான்னைக்கு இங்க அருஷாவுலயே அடக்கம். கமிட்டி போட்டாச்சு. பழசெல்லாம் மனசுல வச்சுக்காம உங்களுக்கே சமையலைக் குடுத்திருக்கோம். நீங்க வந்துட்டா எல்லாம் சரியாயிடும். குரூப்புலயும் சேத்துடறேன்."

மன்னிப்பைத் தட்டில் வைத்து நீட்டினான். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். வண்டியைத் திருப்பினால் மாலைக்குள் அருஷா, அண்டா, அடுப்பு, "அண்ணி இல்லாம ஆகுமா?" என்ற பேச்சு, என் சாவுக்கு நிறைந்த கூட்டம். மலை ஓரத்தில் விமானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"வர மாட்டேன் தம்பி."

"அண்ணி, யோசிச்சுப் பேசுங்க. செத்தவரு…"

"செத்தவருக்கு என் சோறு வேணாம். உனக்குத்தான் வேணும். ஊருக்கு வந்ததும் அவரு சம்சாரத்தைப் போய்ப் பாத்து, பக்கத்துல உக்காந்துட்டு வருவேன். அது என் கடமை. பிலாவு என் கடமையில்ல."

போன் கை மாறியது. என் கணவரின் குரல்.

"ஐகா, நீ வரலன்னா என்னைத்தான் எல்லாரும் கேப்பாங்க. எனக்கு அசிங்கம்."

"அசிங்கமா இருந்தா கரண்டிய நீங்க புடிங்க. காட்டுல கேம்ப்பு போட்டு வெள்ளைக்காரனுக்கு ஆக்கிப் போட்டவருதான நீங்க?"

அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. விமானம் இறங்கிவிட்டது. சலோமேயைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறினேன்.

சான்சிபாரின் கிழக்குக் கரையில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, பையை வைத்த கையோடு ஓடினேன். கரையில் கடல் இல்லை. நனைந்த மணல் வெகு தூரம் கிடந்தது. அங்கங்கே குட்டை, கடல்பாசி பயிரிடும் பெண்களின் குச்சிகள், சாய்ந்து கிடக்கும் தோணிகள். அதற்கெல்லாம் அப்பால், கண்ணுக்கு எட்டும் கடைசியில், வெள்ளையாக ஒரு கோடு. கடல் உள்வாங்கும் நேரத்தில் வந்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் நேரம் பார்த்துக் கொடுத்தவள், எனக்குப் பார்க்க மறந்துவிட்டேன்.

விடுதிக்காரர் நிழலில் நாற்காலி போட்டார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. சாயந்தரம் தண்ணி தானா இங்க வந்துடும். எல்லாரும் அப்படித்தான், உக்காந்துட்டு இருப்பாங்க."

"இருந்தது போதும்யா" என்று சொல்லிவிட்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு கடலை நோக்கி நடந்தேன்.