மணல் மூட்டை

கேட்டைத் தோளால் தள்ளித் திறந்து, செத்துப்போன அண்ணனின் மோட்டார் சைக்கிளை உள்ளே உருட்டி வந்தான் தம்பிக்காரன். அடக்கம் முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நேற்று வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டி மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

சமையலறையில் இருந்த அவர் மனைவிக்கு முதலில் சத்தம்தான் எட்டியது. செயின் அதன் மூடியில் இடிக்கும் டக் டக். சாயங்காலம் அது கேட்டதும் டீக்குத் தண்ணீர் வைப்பாள். இன்றும் கை தானாகப் பாத்திரத்தைத் தேடியது. பிறகுதான் வெளியே வந்தாள்.

"ஓட்டிட்டே வந்திருக்கலாமேப்பா."

"எங்க அண்ணி ஓட்டறது? செயின் தொங்கற தொங்கலுக்குத் தூளி கட்டி ஆடலாம்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வண்டிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பின் சக்கரத்தருகே குந்தினான். சாவு வீட்டில் ஆண்பிள்ளைகளுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும், பாவம்.

"இப்பத்தான் துடைச்சு எண்ணெய் போட்டிருக்கார். சக்கரமும் நேராத்தான் இருக்கு. எல்லாம் பாத்துப் பாத்துப் பண்ணிட்டு இதை மட்டும் ஏன் இவ்ளோ லூசா விட்டார்? தனியாப் போற வண்டிதானே?"

தனியாகப் போகிற வண்டி. அது அவளைத் தைத்தது.

முன்பெல்லாம் அவர் செயினைச் சரிபார்க்கும்போது அவளைப் பின் சீட்டில் ஏறி உட்காரச் சொல்வார். ஆள் ஏறினால் வண்டி அமுங்கும், செயின் இறுகும். இரண்டு பேர் போகிற வண்டிக்கு அதற்கும் சேர்த்துத் தொய்வு விடவேண்டும்.

"மூச்சை விட்டு உட்காரு. முழு கனமும் தெரியட்டும்" என்பார்.

"உங்க தொப்பைக்கு முன்னாடி என் கனம் எம்மாத்திரம்" என்பாள் இவள்.

ஒருநாள் அடுப்பில் வேலை இருக்கிறதென்று அவள் வரவில்லை. ஆளில்லாமலே இறுக்கிவிட்டார். கடைத்தெரு மேட்டில் செயின் அறுந்து, இருவரும் விழுந்தார்கள். முழங்கால் பிய்ந்ததைவிட, நாலு பேர் பார்த்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

"இனிமே உங்க பின்னாடி ஏறினா என்னை ஏன்னு கேளுங்க."

அன்றிலிருந்து அவளுக்குப் பஸ்தான். ஒரு தடவையாவது வா என்று கூப்பிடுவார் என்று பார்த்தாள். கூப்பிடவில்லை. சரி, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார் போல. நேற்றிலிருந்து இத்தனை பேர் நடுவில் கண்ணில் ஒரு சொட்டு வராமல் அவள் உட்கார்ந்திருந்தது இந்த நினைப்போடுதான்.

"இறுக்கிடறேன் அண்ணி. யாரு இந்த மூட்டையை இங்க போட்டது? காலை இடிக்குது." சுவரோரம் கயிற்றால் பிணைத்துப் போட்டிருந்த இரண்டு மணல் மூட்டைகளைத் தம்பி முக்கித் தள்ளினான். "யப்பா, ஒரு ஆள் கனம் கனக்குது."

அந்த மூட்டைகளுக்காக அவள் எத்தனை சத்தம் போட்டிருக்கிறாள். இது வீடா, கட்டட வேலை நடக்கிற இடமா என்று. "இருக்கட்டும், ஒரு வேலைக்கு ஆகுது" என்று மட்டும் சொல்வார்.

கயிற்றில் கிரீஸ் கைத்தடம் கறுப்பாகப் படிந்திருந்தது. அவள் வண்டியருகே போய்ப் பின் சீட்டைத் தடவினாள். உள்ளங்கையில் மணல் ஒட்டியது.

"இறுக்காதப்பா. வண்டியைக் கொஞ்சம் பிடிச்சுக்க."

வழக்கம்போல ஒருபக்கமாக ஏறி, மூச்சை விட்டு, முழு கனத்தோடு உட்கார்ந்தாள். வண்டி அமுங்கியது.

"இப்பப் பாரு."

தம்பி ஒரு கையால் வண்டியைப் பிடித்தபடி குனிந்து, செயினை விரலால் தூக்கிப் பார்த்தான். ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"சரியா இருக்கு அண்ணி."

உள்ளேயிருந்து அவள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். "வரேன்" என்றாள். ஆனால் இறங்கவில்லை. காலியாக இருந்த முன் சீட்டின் ஓரத்தை, வண்டி ஓடிக்கொண்டிருப்பதைப் போல, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.