வலப்பக்கத்து விமானம்

கணவரின் சட்டைக் காலரை அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "முழுக்கைச் சட்டையா குடுங்கம்மா" என்று மட்டும் பிணவறையிலிருந்து சொல்லியிருந்தார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

"உன் தம்பி இன்னும் கார்லயேதான் இருக்கான். காலையில வந்தவன், இறங்க மாட்டேங்கிறான்."

"தெரியும்."

"பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி வர்றாராம். காத்து தள்ளிடுச்சுன்னு சொல்லச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மாப்பிள்ளை போயிட்டாரு. இவனையாவது காப்பாத்தணும்ல?" கூடத்தில் மகளின் மாமியார் இருந்ததால் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நான் பெத்தது ரெண்டுதானேடி."

அவள் கணவர் விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். தம்பிக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். முந்தாநாள் பள்ளியின் ஆண்டு விழா. மூன்று சிறு விமானங்கள் அம்புமுனை போலச் சேர்ந்து பறந்தன. முன்னால் அவர், வலப்பக்கம் தம்பி. ஓடுதளத்துக்கு மேலே வந்தபோது வலப்பக்கத்து விமானம் மெல்ல உள்ளே சாய்ந்தது. அதன் முன்விசிறி அவருடைய விமானத்தின் வாலை அறுத்துவிட்டது. தம்பி எப்படியோ தரையிறங்கிவிட்டான். அவர் வேலிக்கு அப்பால் விழுந்தார். கூட்டத்தில் சிலர் அதுவும் சாகசம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

சட்டையை மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

காருக்குள் வெக்கையாக இருந்தது. தம்பி ஓட்டுநர் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மாமாவ எப்பக்கா கொண்டு வர்றாங்க?"

"மூணு மணிக்கு."

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காத்தாடா?" என்றாள்.

"காத்தே இல்லக்கா. நான்தான் கண்ணை எடுத்துட்டேன். அவரு இறக்கையத் தவிர எதையும் பாக்கக் கூடாதுன்னு மாமா நூறு தடவ சொல்லியிருக்காரு."

"எதைப் பாத்தே?"

அவன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொல்லுடா."

"மஞ்சக் குடை பிடிச்சுக்கிட்டு நிப்பேன், மேலருந்து பாருன்னு சொன்னியே. ஒரு செகண்டுதான் தேடினேன்."

சொல்லியிருந்தாள். அன்று காலை, அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது. "கடுகளவுகூடத் தெரிய மாட்டே, வீணா கை வலிக்கப் போகுது" என்று அவர் சிரித்திருந்தார்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான்.

"காத்துன்னு சொல்லச் சொல்லி அம்மா அனுப்பினாங்களா?"

"ஆமா."

"நீ என்ன சொல்றே?"

தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கோப்புடன் இறங்கிய ஒருவர் கதவு எண்களைப் பார்த்தபடி நடந்து வந்தார்.

"நடந்ததைச் சொல்லு."

"குடைய மட்டும் விட்டுடறேன்க்கா. வேற எதையோ பாத்தேன்னு..."

"குடையையும் சொல்லு."

அவன் தலையாட்டினான். கதவைத் திறந்து எழப்போனவனை ஏதோ பின்னுக்கு இழுத்தது. மறுபடி எழுந்தான், மறுபடி இழுத்தது. காலையில் மாட்டிய இருக்கைப் பட்டையை அவன் இன்னும் கழற்றவில்லை. யாரோ தன்மேல் கட்டிவிட்டுப் போனதைப் போல அதைக் குனிந்து பார்த்தான்.

அவள் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பட்டை அவன் மார்பைக் கடந்து, மெதுவாக, தன் இடத்துக்குள் சுருண்டுகொண்டது.