மடத்தடி ஒழுங்கை யாருடையது

இரும்புப் படலைக் கதவைப் பூட்டியது மாரி மழைக்கு முன்பா பின்பா என்பது இப்போது உறுதியாக நினைவில்லை. விசாரித்தால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் பூட்டுத் தொங்கிய முதல் நாள் மாக்கிறேற் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சுருவில் பக்கத்தில் கடலுக்கு இறங்குகிற ஒடுங்கிய தெரு, மடத்தடி ஒழுங்கை அது. கொழும்பிலுள்ள அரச திணைக்களம் ஒன்று கரையில் உல்லாச விடுதி கட்ட எண்ணி அதன் வாயை அந்தப் படலையால் அடைத்துவிட்டது. மாக்கிறேற்றின் கணவன் யாகப்புவும் மற்றக் கடற்றொழிலாளரும் வலைகளைத் தோளில் சுமந்து முட்பற்றைக்குள்ளால் சுற்றிப் போனார்கள். அந்த வட்டாரத்திலிருந்து பிரதேச சபைக்குத் தெரிவானவள் மாக்கிறேற். பாதையை அவள்தான் மீட்டுத் தரவேண்டும் என்று ஊர் பார்த்திருந்தது.

சபை தன் வழக்கப்படியே செய்தது. மதகு உடைந்தாலும், தெருவிளக்கு அணைந்தாலும் கொழும்பைக் கேட்பதே அந்தச் சபையின் வழக்கம். தவிசாளர் குலசிங்கத்தின் தலைமையில் ஒரு பெட்டி நண்டும் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு பையும் ஏற்றிக்கொண்டு வான் வண்டியில் கொழும்புக்குப் போனார்கள். திணைக்கள அதிகாரி அன்பாகப் பேசினார். நண்டையும் வாங்கிக்கொண்டார். பூட்டைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் மாக்கிறேற்றுக்கு ஒரே யோசனை. தெருக்கள் சபைக்கு உரியவை என்று சட்டமே சொல்லும்போது எதற்காகப் போய்க் கும்பிட்டோம் என்று மனம் அரித்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்தாள்.

"சேர்மன் அண்ணை, எங்கட தெருவைத் திறக்கிறதுக்கு நாங்கள் ஏன் ஆரையும் கேக்க வேணும்?"

"நீர் இரும் பிள்ளை. கொழும்போட கொழுவ ஏலுமோ?"

"நாளைக்கு உங்கட புகையிலைத் தோட்டத் தெருவுக்கும் பூட்டு வரும். அப்ப எத்தினை பெட்டி நண்டு பிடிச்சுத் தரச் சொல்லுறியள்?"

சபை சிரித்தது. குலசிங்கம் சிரிக்கவில்லை. கடற்கரையாரின் கரைச்சல்களை எட்ட நின்றே பார்த்துப் பழகிய தோட்டக்காரர் அவர். தன் தோட்டத் தெருவில் பூட்டுத் தொங்குவதை நினைத்துப் பார்த்தார். 

"பிரேரணையைச் சொல்லும்," என்றார் கடைசியில். "எங்கட தெருவில ஆரோ பூட்டுப் போட, நாங்கள் சபையெண்டு கதிரையில இருந்து என்ன பிரயோசனம்?"

ஒழுங்கையைத் திறக்கும் பிரேரணைக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. மறுநாள் சபைத் தொழிலாளர்கள் பூட்டை வெட்டிப் படலையைக் கழற்றினார்கள். திணைக்களம் வழக்குப் போட்டது. தோற்றால் படலை மறுபடி வரும். அதன்பின் சபைக்கு எந்தத் தெருவும் மிஞ்சாது.

சாட்சிக் கூண்டில் நின்ற மாக்கிறேற்றைத் திணைக்களத்தின் சட்டத்தரணி கேட்டார்:

"ஒழுங்கை சபையுடையது என்றால், திறந்துவிடச் சொல்லித் திணைக்களத்திடம் ஏன் போனீர்கள்? அதிகாரம் அவர்களுடையது என்று நீங்களே ஏற்றுக்கொண்டதால்தானே?"

அவள் பயந்திருந்த கேள்வி அதுதான்.  பின் வரிசையில் யாகப்பு தலையைக் குனிந்துகொண்டான். குலசிங்கத்தின் முகம் கறுத்தது. அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, என்ர வீட்டு வாசலை மறிச்சு ஒருத்தர் நிண்டாலும், முதலில 'கொஞ்சம் விலத்துங்கோ' எண்டு மரியாதையாத்தான் கேப்பன். அப்பிடிக் கேட்டதுக்காக வீடு அவருக்குச் சொந்தமாகுமோ?"

யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. சட்டத்தரணி அடுத்த கேள்விக்குத் தாள்களைப் புரட்டினார்.

தீர்ப்பில் நீதிபதி சுருக்கமாகவே சொன்னார்: சபை நாட்டின் அரசுக்குக் கீழே இருந்தாலும், சட்டம் சபையிடம் கொடுத்தது சபையுடையதே, பணிவாகப் பேசியதால் அது கைமாறாது.

நீதிமன்ற வாசலில் வெடி கொளுத்தினார்கள். குலசிங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பிள்ளை, இனிக் கொழும்பு ஆக்கள் அந்தத் தெருவால நடக்கிறதெண்டாலும் எங்களைத்தான் கேக்க வேணும்!"

"நடக்கட்டும் அண்ணை. தெரு எல்லாருக்கும்தானே. பூட்டப் போறதெண்டால் மட்டும் கேக்கட்டும்."

அன்று பின்னேரம் யாகப்பு படகின் வெளியிணைப்பு இயந்திரத்தை ஒழுங்கையின் நடுவால் சுமந்து போனான். ஊரே பின்னால் நடந்தது.

விடுதி கட்டப்படவில்லை. அந்த அதிகாரி வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். குலசிங்கம் இன்னும் தவிசாளர். உடைந்த மதகைச் சபையே கட்டிவிட்டது. மாக்கிறேற் இப்போது உப தவிசாளர். யாகப்பு நாளாந்தம் கடலுக்குப் போய் வருகிறான்.