மொட்டைமாடியில் ஒரு ஒட்டு

நோரூஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் இஸ்ஃபஹான் ஆண்களுக்குத் திடீரென்று வீரம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் ஆளுக்கொரு ஸ்பானரோடு மொட்டைமாடிக்கு ஏறுவார்கள். குளிர்காலம் முழுக்கப் போர்வை போர்த்தித் தூங்கிய தண்ணீர்க் கூலர்களை அவிழ்த்து, போன வருடத்து மரநார்த் தட்டிகளைப் பிய்த்தெறிந்து, புதியதைச் செருகி, பெல்ட்டை மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, சட்டையெல்லாம் துருவோடு இறங்கி வந்து, ஏதோ கோட்டையைப் பிடித்தவர்கள் மாதிரி சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். இந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கிறவனை அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

இந்த வீரர்களில் முதல் வரிசைக்காரர் கியூமர்ஸ். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்தான். ஆனால் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அவருக்குப் பெயர் எஞ்சினியர். குழாய் ஒழுகினால் அவர், கதவு உரசினால் அவர். போதாததற்குக் கட்டடத்தின் நிர்வாகியாகவும் அவரையே உட்கார வைத்திருந்தார்கள். தன் கையால் முடியாத வேலை உலகத்தில் இல்லை என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரைக் கெடுத்தது.

அவர் வீட்டுக் கூலர் சரியாகப் படுக்கையறைக்கு மேலே நின்றது. ராத்திரியெல்லாம் உறுமும். அந்த வருடம் அதை நகர்த்திவிடுவது என்று முடிவு செய்தார். எந்தப் பக்கம் நகர்த்துவது? ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர். இன்னொரு பக்கம், அதே மேல்மாடியில் எதிர்வீட்டுத் துரான் கானுமின் விருந்தறைக் கூரை; கானும் என்றால் அந்த ஊரில் அம்மா மாதிரி ஒரு மரியாதைச் சொல். ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாள், விருந்தறையில் யாரும் படுப்பதில்லை. அங்கே உறுமினால் யாருக்கு என்ன நஷ்டம்? இரும்புத் தாங்கியோடு கூலரை இழுத்தார். தூக்கியிருக்க வேண்டும். தூக்க இரண்டாவது ஆள் வேண்டும், எஞ்சினியருக்கு எதற்கு இரண்டாவது ஆள்? இழுத்தபோது தாங்கியின் கால் ஒன்று, மழைக்காக மாடி முழுக்க ஒட்டியிருந்த தார் ஷீட்டை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்தது.

பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அதை ஒட்டுவதற்கென்று தனியாக ஆட்கள் இருக்கிறார்கள், நெருப்புக் குழாயோடு வருவார்கள். வந்தால் கட்டடம் முழுக்கத் தெரியும். கீழே போய்ப் பழைய டப்பாவில் இறுகிக் கிடந்த தாரைச் சுற்றுலாவுக்கு எடுத்துப்போகும் சின்ன அடுப்பில் சூடாக்கிக் கிழிசலில் பூசினார். தார் ஷீட்டின் மேல்பக்கம் வெள்ளி நிறம், கறுப்பு ஒட்டு கண்ணில் குத்தியது. சமையலறையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்து வந்து மேலே ஒட்டித் தடவினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியவே இல்லை. தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவசரத்தில் கூலர் தொட்டி நிரம்பினால் தண்ணீரை அடைக்கும் மிதவையைச் சரியாக வளைக்கவில்லை. தண்ணீர் நிரம்பி, விளிம்பு தாண்டி, சத்தமில்லாமல் வழிந்துகொண்டே இருந்தது. கீழே கியூமர்ஸ் குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஒரு மத்தியானம் துரான் கானும் விருந்தறையில் தொழுகையை முடித்து, பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். தேநீர் கொதிப்பதற்குள் பின்னால் மலை சரிந்தது மாதிரி ஒரு சத்தம். கூரையின் நடுவில் பூவேலை செய்த சுண்ணாம்புச் சாந்து மொத்தமும் பெயர்ந்து கம்பளத்தின் மேல் கிடந்தது. அவர் நெற்றி வைத்துத் தொழுத அதே இடத்தில்.

ஓடிவந்து எதிர்வீட்டுக் கதவைத்தான் தட்டினார்.

"எஞ்சினியர்! எஞ்சினியர்! தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. கூரை விழுந்துடுச்சு. நீங்க சாப்பிட்டுட்டே வாங்க, அவசரமில்ல."

கூரை விழுந்த பிறகும் அவசரமில்லை என்கிற ஊர் அது.

கியூமர்ஸ் மாடிக்கு ஓடினார். கூலரின் காலடியில் குளம் கட்டியிருந்தது. வெயிலில் இளகிய தார் அலுமினியத் தாளோடு ஒரு ஓரமாக எழும்பி நின்றது. அவர் முதலில் செய்த காரியம் தண்ணீரை மூடியது. இரண்டாவது காரியம், செருப்புக் காலால் அந்த ஒட்டை மிதித்துப் பழையபடி படுக்க வைத்தது. அப்படி மிதிக்கும்போதே, தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கீழே வந்தபோது துரான் கானும் உடைந்த சாந்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தத் தரைத்தளத்துப் பையனோட டிஷ் தானே? போன மாசம் மேல ஏறி டக்கு டக்குன்னு ஆணி அடிச்சானே."

அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் டிஷ் இருந்தது. சட்டப்படி வைக்கக் கூடாது என்பதால் எல்லோரும் இல்லாதது மாதிரியே நடந்துகொண்டார்கள். தரைத்தளத்தில் துரான் கானுமுக்குச் சொந்தமான இன்னொரு சின்ன வீட்டில் யாவர் வாடகைக்கு இருந்தான். ரொட்டி அடுப்பில் வேலை. மலைப்பக்கத்திலிருந்து வந்தவன். அவன் பேச்சைக் கேட்டாலே கட்டடத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும். டிஷ்ஷுக்கு அவன் அடித்த நான்கு ஆணிகளும் கிழிசலிலிருந்து இரண்டு எட்டு தள்ளித்தான் இருந்தன. நான்குக்கும் அடியில் ரப்பர் வைத்து ஒழுங்காகத்தான் முடுக்கியிருந்தான்.

"இருக்கலாம்," என்றார் கியூமர்ஸ்.

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

மனம் குத்தினால் மனிதன் என்ன செய்வான்? கியூமர்ஸ் ஏணியைத் தூக்கினார். கூரையைத் தானே பூசித் தருகிறேன், ஒரு காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடை விட்டு வந்ததும் தினமும் எதிர்வீட்டில் போய்ச் சாந்து குழைத்தார். துரான் கானும் கீழே நின்று பிஸ்தாவும் தேநீரும் நீட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்க கைக்கு வலி வரக் கூடாது எஞ்சினியர். என் கூடப் பிறந்தவன் தெஹ்ரான்ல இருக்கான், ஒரு போன் பண்ணல. நீங்க இந்த வயசுல ஏணி மேல நிக்கறீங்க."

ஒவ்வொரு பாராட்டும் கழுத்துக்குள் சாந்து விழுவது மாதிரி உறுத்தியது. வேலை முடிகிற நேரத்தில் துரான் கானும் சாதாரணமாகச் சொன்னார், மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யும்படி யாவரிடம் சொல்லிவிட்டதாக.

"அவன் பொண்டாட்டி மாசமா இருக்காளே," என்றார் கியூமர்ஸ்.

"எனக்கும் தெரியும், எஞ்சினியர். நர்ஸா இருந்தவ நான். ஆனா அந்த நேரத்துல நான் அந்தப் பாய் மேல இருந்திருந்தா? அதையும் நினைச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்க்காமலா இருந்தார்? கண்ணை மூடினால் அதுதான் வந்தது. ஏணியிலிருந்து இறங்கினார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"துரான் கானும், தப்பு அவனோடது இல்ல. என்னோடது."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. நிர்வாகின்னா எல்லாரோட ஆணியையும் எண்ணிட்டா இருக்க முடியும்?"

"இல்லம்மா, நெஜமாவே நான்தான். என் கூலர்தான்."

துரான் கானுமின் கண் கலங்கிவிட்டது. தலைத்துணியின் முனையால் துடைத்துக்கொண்டார்.

"ஊரான் பாவத்தை எடுத்துத் தன் தலையில வெச்சுக்கற ஆம்பளைய நான் எங்க பார்த்திருக்கேன்! சரி, போதும். உங்க முகத்துக்காக அவன் இருந்துட்டுப் போகட்டும். ஆனா இனிமே மாடிப் பக்கம் தலை வெக்கக் கூடாது."

கியூமர்ஸ் ஏணியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். தேநீரை எடுத்துக் குடித்தார். அது நல்ல தேநீர். அதைக் குடித்ததற்காகவும் பிறகு தன்னை வெறுத்தார்.

வீட்டில் மனைவி ஃபரங்கிஸ் மீனைச் சுற்றுவதற்கு அலுமினியத் தாளைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தினாள்.

"முழுச் சுருள் இருந்துச்சு. நீதான் எடுத்தே. மாடிக்கு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் மீனை உப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான்தான் அவங்ககிட்ட சொல்லிட்டேனே," என்றார் கியூமர்ஸ். "ரெண்டு தடவ சொன்னேன். அவங்க நம்பலைன்னா நான் என்ன பண்ண?"

"ரெண்டு தடவ," என்றாள் ஃபரங்கிஸ். "விருந்தாளிக்கு ஆரஞ்சு நீட்டறோம். முதல் தடவ வேண்டாம்பான், மரியாதை. ரெண்டாவது தடவ வேண்டாம்பான், அதுவும் மரியாதை. மூணாவது தடவ வேண்டாம்னாத்தானே நெஜமா வேண்டாம்னு தட்டை எடுத்து வெப்போம்? அம்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கே, உனக்குத் தெரியாதா? மூணாவது தடவ சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. அது தெரிஞ்சுதான் ரெண்டோட நிறுத்திட்டே."

கியூமர்ஸுக்குக் கோபம் வந்தது. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூலரின் உறுமல் இல்லாத அந்த அறையில் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் யாவர் வந்தான். கையில் துணியில் சுற்றிய சூடான ரொட்டி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றான்.

"எஞ்சினியர் அண்ணே, துரான் கானும் சொன்னாங்க. என் தப்ப உங்க மேல போட்டுக்கிட்டீங்களாமே. என் பொண்டாட்டி குல்னேசா ராத்திரியெல்லாம் அழுதா, சந்தோஷத்துல. நான் டிஷ்ஷக் கழட்டிட்டேன். ரப்பர் வெச்சுத்தான் முடுக்கினேன், எப்படி ஓட்டையாச்சுன்னு தெரியல. என் கை அப்படி."

"உன் கைக்கு என்ன?"

"ராசியில்லாத கைண்ணே. புள்ள வர்றதுக்கு முன்னாடி சுவத்துல ஒரு அலமாரி அடிக்கலாம்னு பலகையெல்லாம் அறுத்து வெச்சேன். இப்ப ஆணிய எடுத்தாலே கை நடுங்குது. கேக்கக் கூடாது, ஆனாலும் கேக்கறேன். நீங்க வந்து அடிச்சுத் தருவீங்களா?"

கியூமர்ஸ் மறுபேச்சில்லாமல் துளைபோடும் மெஷினை எடுத்துக்கொண்டு கீழே போனார். பலகைகளைப் பார்த்தார். ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்திருந்தான். குழந்தையின் கை படும் மூலைகளை வட்டமாக்கியிருந்தான். கியூமர்ஸ் வாழ்நாளில் அப்படி ஒரு மூலையைத் தேய்த்ததில்லை.

"இது நீ செஞ்சதா? அப்போ நீயே அடி. இந்தா, புடி."

யாவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம்ணே. சுவரு விழுந்துடும்."

மூலையில் உட்கார்ந்திருந்த குல்னேசா வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். வேலை செய்கிற ஒருவனின் கையையே அவனிடமிருந்து பறித்துவிட்டோம் என்று கியூமர்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. வீடு போயிருந்தால் வேறு வீடு கிடைத்திருக்கும். மெஷினைத் தரையில் வைத்தார்.

"யாவர், கூரையை ஓட்டை பண்ணது நான்."

யாவர் சிரித்தான். "போதும்ணே. உங்க பெரிய மனசு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

இனி மூன்று தடவை என்ன, முப்பது தடவை சொன்னாலும் அவர் பெரிய மனசுதான் வளரும். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான்கு மாடியும் ஏறினார். மேலே போனதும் மண்டியிட்டு, நகத்தால் ஒரு ஓரத்தைக் கிள்ளி, அந்த அலுமினியத் தாளைத் தாரோடு உரித்தெடுத்தார். கை முழங்கை வரை கறுத்தது. கிழிசலையும் பழைய இடத்திலிருந்து தாங்கியின் கால் இழுபட்ட கோட்டையும் காட்டினார்.

யாவர் குனிந்து விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனான். பிறகு தன் டிஷ் நின்ற இடத்துக்குப் போய் நான்கு துளைகளையும் பார்த்தான். ஒன்றைச் சுற்றிலும்கூட ஈரக்கறை இல்லை. திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"துரான் கானுமுக்கு நேத்து மன்னிப்புக் கேட்டேன். அவங்க காலத் தொட்டு," என்றான். "அப்ப நீங்க எதிர்வீட்லதான் இருந்தீங்க."

"ஆமா."

அவன் படி இறங்கினான். கியூமர்ஸ் மாடிக் கதவருகே நின்று காது கொடுத்தார். அவன் நேராகத் துரான் கானுமின் கதவைத் தட்டுவான், கத்துவான், எல்லாம் அவன் வாயாலேயே முடிந்துவிடும். தட்டட்டும், தட்டட்டும் என்று வேண்டிக்கொண்டார். காலடிச் சத்தம் அந்தக் கதவைத் தாண்டி, நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் தரைத்தளத்துக் கதவு மூடிக்கொண்டது.

கியூமர்ஸ் இறங்கினார். தார் பூசிய கையால் அழைப்புமணியை அழுத்த மனமில்லாமல் முழங்கால் முட்டியால் கதவைத் தட்டினார். துரான் கானும் கதவைத் திறந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "எஞ்சினியரா, வாங்க வாங்க, இப்பத்தான் தேநீர்" என்று தொடங்கினார்.

"துரான் கானும், என் கூலர இழுத்து உங்க கூரையக் கிழிச்சது நான். சமையலறைத் தாள ஒட்டி மறைச்சேன். கூரை விழுந்த அன்னிக்கு மேல போயி மிதிச்சு மறுபடியும் மறைச்சேன். நீங்க யாவர் பேரச் சொன்னப்போ இருக்கலாம்னு சொன்னேன். இது மரியாதைக்குச் சொல்றது இல்ல."

அவர் கியூமர்ஸின் கையைப் பார்த்தார். முழங்கை வரை பார்த்தார். பிறகு திரும்பி, விருந்தறைக் கம்பளத்தில் தொழுகைப் பாய் விரிக்கும் இடத்தைப் பார்த்தார்.

கியூமர்ஸ் காத்திருந்தார். அந்தக் கதவுக்கு முன்னால் பதினெட்டு வருடமாக எத்தனையோ தடவை நின்றிருக்கிறார். துரான் கானும் அவரை உள்ளே வரச் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.